மூடி திறக்காத ஷோர்போ

சபாரின் மனைவி சைராவை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் ஷோர்போ வாசலுக்கு வந்துவிட்டது.

கொண்டுவந்தவள் அடுத்த வீட்டு நாசிரா. துண்டில் சுற்றிய பாத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அண்ணே, வீட்ல ஷோர்போ வெச்சேன். கொஞ்சம் அதிகமாயிருச்சு. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிட்டுருங்க."

சபார் இரண்டடி பின்னால் போனார். ஷோர்போ என்றால் ஆட்டுக்கறியை எலும்போடு போட்டு, உருளையும் கேரட்டும் வெங்காயமும் சேர்த்து, மெல்லிய தீயில் காலையிலிருந்து கொதிக்கும் கறிச்சாறு. மூடி இடுக்கு வழியாக வந்த ஆவி நேராக அவர் மூக்கைத் தேடி வந்தது. இருபத்தெட்டு வருஷமாக நரீன் ஊரின் பேருந்தை ஓட்டுகிறவர் அவர். ஜனவரிப் பனியில், ஆற்றோரத் திருப்பத்தில் வண்டி சறுக்கியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்? நான் ஏதாவது பண்ணிக்குவேன்."

"என்ன பண்ணிக்குவீங்க? தண்ணி கொதிக்க வெப்பீங்க, அவ்வளவுதானே. அக்கா இல்லாதப்ப நீங்க பட்டினி கெடந்தா இந்தத் தெருவுக்குத்தான் அசிங்கம்."

பாத்திரம் அவர் கைக்கு வந்துவிட்டது. நாசிரா போய்விட்டாள்.

சபார் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றார். சரியாக நாற்பது நிமிஷத்துக்கு முன்னால்தான் அவர் தனக்குள் ஒரு சபதம் எடுத்திருந்தார். சைரா திரும்பி வருகிறவரைக்கும் ஷோர்போவைத் தொடுவதில்லை. ஒரு கரண்டி, ஒரு சொட்டுகூட இல்லை.

எல்லாம் ஏப்ரல் மாதத்தில் ஆரம்பித்தது. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவருக்கு நெஞ்சை அடைத்தது. பேருந்தை ஓரங்கட்டி, கைப்பிரேக்கைப் போட்டு, பின்னால் திரும்பிப் பயணிகளிடம் "மன்னிச்சுக்குங்க, வண்டி இதுக்கு மேல போகாது" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தார். கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. பக்கத்து முக்காலியில் சைரா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் அவருடைய இடது கால் பூட்ஸ். சேர்க்கும்போது அவிழ்த்துக் கொடுத்ததாம். அதைக் கீழே வைக்க மனமில்லாமல், கைக்குழந்தையைப் போல இரண்டு நாளாக அணைத்து வைத்திருந்தாள். சேறு அவள் பாவாடை முழுக்க ஒட்டிக் காய்ந்திருந்தது.

டாக்டர் ராகாத் அப்போதே சொல்லிவிட்டாள். சின்ன வயதில் அவருடைய பேருந்தில் பள்ளிக்கூடம் போனவள்தான் அவள். "மாமா, உங்க வீட்டு ஷோர்போ மேல மஞ்சளா ஒரு விரக்கடைக்குக் கொழுப்பு மிதக்குதில்ல, அதுதான் உங்க ரத்தக்குழாய்ல போய் ஒட்டிக்கிட்டிருக்கு."

அதற்குப் பிறகு அவள் பத்து நிமிஷம் பேசினாள். சபாரின் காதில் விழவில்லை. அவர் அந்த மஞ்சளையே நினைத்துக்கொண்டிருந்தார். சோகத்தோடும் கொஞ்சம் ஆசையோடும்.

வீட்டுக்கு வந்ததும் சைரா ஷோர்போவில் போடும் ஆட்டு வால் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். சபார் அதைக் கண்டுபிடித்தார். சரக்கறையில் ஒரு தகர டப்பாவில் கொழுப்பை ஒளித்து வைத்துக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது தன் கிண்ணத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். சைரா டப்பாவைக் கண்டுபிடித்தாள். திட்டவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினாள். அதுதான் அவரை ரொம்பவும் வதைத்தது.

அக்டோபரில், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, தலைநகர் பிஷ்கேக்கில் இருக்கும் மகள் மீரிமுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரைக்கும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். சைரா போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தாள். கடைசியில் ராகாத்தோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டாள். மூன்றாவது வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, ஐந்தாவது வாரம் இன்னொன்று. எண்கள் அளவு மீறினால் டாக்டர் போன் செய்ய வேண்டும். அன்றே அவள் கிளம்பி வந்துவிடுவாள்.

வேன் நகர்ந்தபோது ஜன்னலில் தெரிந்த அவள் முகம், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று தெரியாமல் வீட்டைவிட்டு வந்தவளின் முகம் மாதிரி இருந்தது. அந்த நிமிஷத்தில்தான் சபதம். அவளிடம் சொல்லக்கூடாது. திரும்பி வரும்போது ராகாத் பரிசோதனைக் காகிதத்தை நீட்ட வேண்டும். சைரா அதைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்க்க வேண்டும்.

அந்த நினைப்பே இனித்தது. கையில் பாத்திரம் சுட்டது.

மாலைக்குள் இன்னும் இரண்டு பாத்திரம் வந்தது. ஒன்று எதிர்வீட்டு கூல்பாராவிடமிருந்து, இன்னொன்று தெருமுனை வீட்டிலிருந்து. எல்லோருக்கும் அன்றைக்குத்தான் ஷோர்போ அதிகமாகியிருந்தது.

கறியைக் கொட்டுவது அந்த ஊரில் யாருக்கும் கைவராத காரியம். சபார் ஒரு மூடியையும் திறக்கவில்லை. திறந்தால் தன்னை நம்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். கழுத்துத் துணியை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு, மூன்று பாத்திரத்தையும் பையில் போட்டு, பேருந்துப் பணிமனைக்கு நடந்தார்.

பணிமனை வாயிற்காவலர் ஜூமாபாய் அவருடைய பள்ளித் தோழர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நூற்றேழு கிலோ. காவல் அறை நாற்காலி போன வருஷம் உடைந்ததிலிருந்து மரப்பெட்டிமேல்தான் உட்கார்கிறார். வாயிற்கதவைத் திறந்து மூடுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும்.

"உனக்குத்தான்டா," என்றார் சபார். "எனக்கு வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதே."

ஜூமாபாய் முதல் மூடியைத் திறந்தார். சபார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னடா இது? உப்பே இல்ல."

சபார் திரும்பவில்லை.

"மேல ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லடா. கறி நாலே துண்டு, அதுவும் வெறும் சதை. மீதியெல்லாம் கேரட்டும் கோஸும். பார்லி வேற கெடக்கு. இந்தத் தெருப் பொம்பளைங்களுக்கு என்னதான் ஆச்சு?"

சபார் நெகிழ்ந்துபோனார். நாசிராவின் ஷோர்போவுக்கு அந்த ஊரே நாக்கைத் தொங்கப்போடும். தனக்கு ஆசை வந்துவிடக் கூடாது என்று நண்பன் பொய் சொல்கிறான்! ஐம்பது வருஷப் பழக்கம் வீண்போகவில்லை.

"நல்லவன்டா நீ," என்றார் சுவரைப் பார்த்து.

"நெஜமாத்தான்டா சொல்றேன். நல்லாவே இல்ல."

"தெரியும்டா. நீ சாப்பிடு."

ஜூமாபாய் சாப்பிட்டார். ஓசியில் வருவதை ருசியில்லை என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர். மூன்று பாத்திரமும் காலி.

சபார் வீட்டுக்கு வந்து தன் பத்தியத்தைத் தொடங்கினார். பணிமனைப் பக்கத்து அடுமனையில் வாங்கிய வட்ட ரொட்டி. மேலே வெண்ணெய். அதற்கு மேலே கருந்திராட்சைப் பழ ஜாம். எண்ணெயில் பொரித்த போர்சோக் என்னும் மாவு உருண்டைகள் ஒரு கிண்ணம். ஐந்து கட்டி சர்க்கரை போட்ட தேநீர். இதில் கறி கிடையாது. கொழுப்பு மிதக்கவில்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசித்தது. மறுபடியும் பத்தியத்தைத் தொடர்ந்தார்.

மறுநாள் பாத்திரங்களைத் தேய்த்து, வெறும் பாத்திரமாகத் தரக்கூடாதே என்று ஆளுக்கு நாலு மிட்டாய் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தவறு அங்கேதான் நடந்தது.

நாசிரா உள்ளே எட்டிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. "எல்லாத்தையும் சாப்பிட்டுட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா."

"நெஜமாவா? பிடிச்சிருந்துதா?"

"ரொம்ப."

நாசிரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கூல்பாராவைப் பார்த்தாள். கூல்பாரா புருவத்தை உயர்த்தினாள். மறுநாள் வந்த பாத்திரம் முந்தையதைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

சைரா தினமும் மத்தியானம் இரண்டரை மணிக்கு, அவர் இரண்டு நடைக்கு நடுவே தேநீர் குடிக்கிற நேரம் பார்த்து போன் செய்வாள். குழந்தை எத்தனை தடவை தும்மியது என்பது வரை சொல்லிவிட்டு, கடைசியில் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்பாள்.

"பக்கத்து வீடுகள்ல ஏதாவது குடுத்தாங்களா?"

பொறி என்று சபாருக்குப் புரிந்தது. இல்லை என்றால் பட்டினி கிடக்கிறார் என்று நினைத்து வேன் ஏறிவிடுவாள். ஆமாம் என்றால் திட்டுவாள். திட்டு வாங்கினாலும் அவள் அங்கே இருப்பாள் அல்லவா?

"ஷோர்போ குடுத்தாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

திட்டு வரவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அட அட அட! அமிர்தம். இந்த மாதிரி ஷோர்போ நான் சாப்பிட்டதே இல்ல."

சைரா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, முடியாமல், விட்டுச் சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டரை மணிக்கு அவர் ஷோர்போவைப் புகழ்ந்தார். கறி வெண்ணெயாகக் கரைந்தது என்றார். எலும்புச் சாறு நரம்புக்குள் போனது என்றார். அவள் சிரிக்கச் சிரிக்க அவருக்குப் பொய் சரளமாக வந்தது.

மூன்றாவது வாரம் ராகாத் ரத்தம் எடுத்தாள். காகிதத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"மாமா, எண்ணு ஏறியிருக்கு. கோட்டைத் தாண்டல. ஆனா தொட்டுக்கிட்டு நிக்குது. வால் கொழுப்பு சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. கறிய மோந்துகூடப் பார்க்கல."

"கறி சாப்பிடக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே. கறியில சத்து இருக்கு மாமா. ரத்தத்துக்கு இரும்பு, சதைக்கு வலு எல்லாம் அதுலதான். மேல மிதக்குற கொழுப்பும் அள்ளிப் போடுற உப்பும்தான் வேண்டாம். அப்புறம் கூடத் தொட்டுக்கிறது..."

அதற்குள் வெளியே ஒரு கைக்குழந்தை வீறிட, செவிலி வந்து கூப்பிட, ராகாத் எழுந்து ஓடினாள். கூடத் தொட்டுக்கொள்வது என்ன என்று சபாருக்குத் தெரியாமலே போயிற்று.

வீட்டுக்கு வந்து தீவிரமாக யோசித்தார். கறி சாப்பிடவில்லை, எண் ஏறுகிறது. ஆக, வேறு எதிலோ கறி ஒளிந்திருக்கிறது. முட்டை! கோழியிலிருந்து வருவதுதானே. அதையும் நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த தயிரையும் நிறுத்தினார். அந்த இடத்தை நிரப்ப இன்னொரு புட்டி ஜாம் திறந்தார்.

அடுத்தது, பாத்திரங்களை நிறுத்த வேண்டும். நாசிரா வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேண்டாம்மா. வயிறு சரியில்ல."

நாசிராவின் முகம் வெளுத்தது. ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் கூல்பாராவோடு திரும்பி வந்தாள். இருவரும் சமையலறையில் புகுந்து, கிண்ணத்தில் ஷோர்போவை ஊற்றி, அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டார்கள்.

"வயிறு சரியில்லாதப்ப இதுதான் மருந்து. சாறையாவது குடிங்கண்ணே."

"அப்புறம் குடிக்கிறேன்."

"இருக்கோம். எங்களுக்கு ஒண்ணும் வேலையில்ல."

சபார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பார்த்தால் தீர்ந்தது. வாசனை வந்தது. கை தானாகக் கரண்டியை எடுத்தது. சபதம் சரியும் நேரத்தில் சட்டென்று எழுந்தார்.

"ஐயோ! பணிமனையில வண்டிச் சாவியக் குடுக்காம வந்துட்டேன்!"

"கிண்ணத்த வெச்சுட்டுப் போங்கண்ணே."

"இல்லம்மா, போற வழியில குடிச்சுக்கிறேன். மருந்தாச்சே."

அன்றைக்கு நரீன் கடைத்தெரு ஒரு காட்சியைக் கண்டது. ஊருக்கே தெரிந்த ஓட்டுநர் சபார், மூக்கில் துணி கட்டி, வானத்தைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் ஒரு கிண்ணம் ஷோர்போவை ஏந்திக்கொண்டு, தளும்பாமல் அரை கிலோமீட்டர் நடந்தார். வழியில் மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். மூன்று பேருக்கும் தலையை மட்டும் அசைத்தார்.

ஜூமாபாய் கதையைக் கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முன்பு சிரித்தால் மூச்சு முட்டும். இப்போது முட்டவில்லை.

"டேய், உனக்கு இன்னும் புரியலையா? பொண்டாட்டி ஊர்ல இல்லேன்னதும் தெருவே உன்மேல கண்ணு வெச்சிருக்கு. எதிர்ல உட்கார்ந்து ஊட்டிவிட வர்றாளுங்க!"

"சீ, வாயக் கழுவுடா. கூல்பாரா புருஷன் கையில அகப்பட்டா என்ன ஆகும் தெரியுமா? எனக்கு அம்பத்தேழு வயசு."

ஆனால் வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் சற்று நேரம் நின்றார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். வயிறு முன்பைவிடக் கொஞ்சம் எடுப்பாக இருந்தது. மறுநாளிலிருந்து பாத்திரம் வாங்கும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "சைரா உங்களை ரொம்ப விசாரிச்சா" என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது.

ஐந்தாவது வாரம் இரண்டாவது பரிசோதனை. அதே நாளில் பணிமனைக்காரர்களுக்கு வருடாந்திர மருத்துவச் சோதனையும் இருந்தது. ஜூமாபாய்தான் முதலில் உள்ளே போனார். ராகாத் அவரை எடை பார்க்கும் கருவிமேல் இரண்டு தடவை ஏற்றி இறக்கினாள். கருவி கெட்டுவிட்டதோ என்று தானே ஏறிப் பார்த்தாள்.

"ஒம்பது கிலோ குறைஞ்சிருக்கு! ரத்த அழுத்தம் இறங்கியிருக்கு. கொழுப்பும் இறங்கியிருக்கு. சபார் மாமா, உள்ள வாங்க, இவரப் பாருங்க! ஒரு மனுஷன் மனசு வெச்சா என்னல்லாம் செய்யலாம்னு பாருங்க! ஜூமாபாய் மாமா, சொல்லுங்க, என்ன சாப்பிட்டீங்க?"

ஜூமாபாய் சபாரைப் பார்த்தார். டாக்டரிடம் பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஷோர்போ," என்றார். "தினம் ரெண்டு வேளை. சில நாள் மூணு."

ராகாத்தின் பேனா நின்றது. "வேற?"

"அதுக்கப்புறம் வயித்துல எடமில்லம்மா."

அடுத்து அவருடைய காகிதம் வந்தது. ராகாத் அதைப் படித்துவிட்டு, மேசைமேல் இருந்த போனைப் பக்கத்தில் இழுத்தாள். எடை நாலு கிலோ கூடியிருந்தது. எண்கள் கோட்டைத் தாண்டிக் குதித்திருந்தன.

"ராகாத், கண்ணு, வேண்டாம்மா," என்றார் சபார். குரல் உடைந்தது. "குழந்தையக் குளிப்பாட்ட இன்னும் மூணே நாள். நாப்பது கரண்டித் தண்ணி ஊத்தணும். ஒம்பது வருஷமா அவ காத்திருந்தது இதுக்குத்தான். மூணு நாள் கழிச்சுச் சொல்லு. நான் ஓடி ஒளிஞ்சிர மாட்டேன்."

ராகாத் அவரையே பார்த்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, பனிக்காலத்தில் நிறுத்தத்தில் அவளைக் காணவில்லை என்றால் பேருந்தை நிறுத்திவைத்து ஹாரன் அடித்துக் கூப்பிட்ட மனிதர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போன் செய்தாள்.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் மாமா," என்றாள்.

அன்றைக்கு இரண்டரை மணிக்கு போன் வரவில்லை. சபார் தேநீர்க் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிப்போயிற்று. சர்க்கரை போடவும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் வேன் வந்து நின்றது. சைரா இறங்கினாள். தலைத்துணி கலைந்திருந்தது. வழியெல்லாம் அழுதிருக்கிறாள் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. வாசலில் நின்ற சபாரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் எட்டவில்லை.

"நாளைக்குக் காலையில திரும்பிப் போறேன்," என்றாள். "நீங்களும் வர்றீங்க. லீவு சொல்லிருங்க. இனிமே என் கண்ணு முன்னாடிதான் இருக்கணும்."

"நானுமா?"

"பேத்தி மேல ஒரு கரண்டித் தண்ணி நீங்களும் ஊத்துங்க. ஊத்தினா கை தேஞ்சிராது." சொல்லும்போதே அவள் குரல் கம்மியது. "எப்படிங்க ஏறும்? எனக்குப் புரியவே இல்ல. எப்படி ஏறும்?"

அந்த நேரம் பார்த்து நாசிராவும் கூல்பாராவும் வந்தார்கள். நாசிராவின் கையில் துண்டு சுற்றிய பாத்திரம். சைராவைக் கண்டதும் நாசிராவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, சத்தியமா நாங்க ஒரு தப்பும் பண்ணல. ஒரு நாள்கூட விடாம குடுத்தோம். பாத்திரம் காலியாத்தான் திரும்பி வந்துச்சு."

சபாருக்கு அவர்கள்மேல் இரக்கம் சுரந்தது. பாவம், அன்பினால் செய்தார்கள். திட்டு வாங்கக் கூடாது. மறைத்து வைத்த பெருமையை வெளியே எடுக்க இதுதான் நேரம் என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"அவங்களத் திட்டாதே சைரா. ஷோர்போவால ஏறல. ஏன்னா நான் சாப்பிடவே இல்ல."

சைரா மெதுவாகத் திரும்பினாள். "என்னது?"

"போன்ல சொன்னதெல்லாம் பொய். நீ போன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நீ வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தொடறதில்லன்னு. எத்தனை பாத்திரம் வந்துச்சு தெரியுமா? ஒரு மூடியக்கூடத் திறந்து பார்க்கல. எல்லாத்தையும் ஜூமாபாய்க்குக் குடுத்துட்டேன். வெறும் ரொட்டியும் ஜாமும் போர்சோக்கும் தின்னு காலத்த ஓட்டினேன். உனக்காக. அந்த பூட்ஸ மடியில வெச்சுக்கிட்டு நீ இன்னொரு தடவை உட்காரக் கூடாதுன்னு."

சைரா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று சபாருக்குத் தெரியவில்லை. குனிந்து அவள் தலைத்துணியைச் சரிசெய்தார். அவள் ஒரு கையை மட்டும் எடுத்து அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

கூல்பாரா நாசிராவின் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள், பிறகு பணிமனை இருக்கும் திசையைப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தாள்.

"அப்போ, உங்களுக்குத் தெரியாம உங்களுக்குக் குடுக்கணும்னு கொழுப்ப எடுத்துட்டு, உப்பக் குறைச்சு, அக்கா ஏழு வீட்டுக்கும் எழுதிக் குடுத்துட்டுப் போன பத்தியச் சாப்பாட்ட முப்பத்தஞ்சு நாளாத் தின்னது ஜூமாபாய் அண்ணனா?"